சேர்ந்தால் மட்டும் அழுக்கு: சாம்பிளும் சிந்தும் கலந்த கருவிகளில் கோளாறு தேடும் முறை

"அண்ணா, வீணை மட்டும் வெச்சா நல்லா இருக்கு. பேட் மட்டும் வெச்சாலும் நல்லா இருக்கு. ரெண்டும் சேர்ந்தா அழுக்கா இருக்கு."

போன மாதம் ஒரு ராத்திரி, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அல்சூரில் என் மாடி அறைக்கு வந்த தம்பி சொன்னது இது. பகலில் ஒயிட்ஃபீல்டில் வேலை. அந்த டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து, சாப்பிட்ட பிறகுதான் கீபோர்டு. பெங்களூரில் இவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். வீணையையோ தம்புராவையோ தாங்களே பதிவு செய்து, அடியில் பேட் எனப்படும், நீண்டு நிற்கும் ஒரு சிந்த் (சிந்தசைஸர்) சத்தத்தை விரித்து, குறும்படத்துக்கும் கோயில் பாட்டுக்கும் இசை கோக்கிறவர்கள்.

அவர் சொன்ன வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஹைப்ரிட் கருவி என்றால் ஒரு கீயை அழுத்தும்போது இரண்டு கருவிகள் ஒரே வாயால் பேசுகின்றன. ஒன்று, நிஜக் கருவியைப் பதிவு செய்த சாம்பிள். இன்னொன்று, ஆஸிலேட்டர் கணக்குப் போட்டு உண்டாக்கும் ஒலி. யோசனை பழையது. 1987இல் வந்த ரோலண்ட் டி-50 சத்தத்தின் முதல் தெறிப்பை மட்டும் சாம்பிளாக வைத்துக்கொண்டு, மீதி நீட்டலை சிந்தால் ஒப்பேற்றியது. மெமரி விலை ஆகாயத்தில் இருந்த காலம் அது. தெறிப்பைக் கேட்டே காது கருவியை அடையாளம் கண்டுகொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்த வேலை, பலித்தது. இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள் ஓடும் கான்டாக்ட், ஆம்னிஸ்பியர் மாதிரி பிளகின்களில் மெமரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒட்டுப்போட்ட தையல் அப்படியேதான் இருக்கிறது. கோளாறும் பெரும்பாலும் அந்தத் தையலில்தான்.

அதனால் என்ன நோயாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ரிவெர்ப், டிலே, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் அணையுங்கள். சாம்பிள், சிந்த் என்ற இரண்டு அடுக்குகளில் (லேயர்) ஒன்றை மியூட் செய்து கேளுங்கள், அப்புறம் மாற்றிக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போதே கோளாறு தெரிந்தால் அது அந்த லேயரின் சொந்த நோய். தனித்தனியே சுத்தம், சேர்ந்தால் தகராறு என்றால் இரண்டுக்கும் நடுவில் பார்க்க வேண்டும்.

நேராக நிற்கும் ஸ்வரம் சரி, வளைத்தால் இரண்டாகப் பிரிகிறது

தம்பியின் பிரச்சினை இதுதான். ஷட்ஜத்தைப் பிடித்து, சுருதியை வளைக்கும் பிட்ச் வீலை முழுதாக மேலே தள்ளச் சொன்னேன். வீணை ஒழுங்காகச் சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போய் நின்றது. அடியிலிருந்த பேட் அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போய் மேல் ஷட்ஜத்தில் உட்கார்ந்தது. கொஞ்சமாக அசைத்தால் இந்த வித்தியாசம் ஓலமாகக் கேட்காது. கமகம் முழுக்க ஒரு கலங்கலாக, எண்ணெயும் தண்ணீருமாகக் கேட்கும். 'அழுக்கு' என்று அவர் சொன்னது அதைத்தான்.

காரணம் எளியது. வீல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டும்தான் கீபோர்டு மற்றக் கருவிகளோடு பேசும் மொழியான மிடி அனுப்புகிறது: 0 முதல் 16383 வரை ஓர் எண், நடுவில் 8192. அந்தத் தூரத்துக்கு எத்தனை ஸ்வரஸ்தானம் என்பதைக் கேட்கும் கருவிதான் முடிவு செய்கிறது. வழக்கமாக 2 என்று வைத்திருப்பார்கள். தம்பியின் சாம்பிளரில் 2 இருந்தது, சிந்தில் யாரோ 12 என்று வைத்துச் சேமித்த பேட்ச் (ஒலி அமைப்பு). 12ஐ 2 ஆக்கியதும் அழுக்கு போயிற்று. ஒரே ஓர் எண்தான். அதற்கு முன்பு இவர் மூன்று வாரம் ஈக்வலைஸரை அங்கேயும் இங்கேயும் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்.

எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தும் பிரிகிறதா? சிந்தில் போர்ட்டமென்டோ எனப்படும் சறுக்கல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சிந்தின் பின்னால் டிலே போட்டிருந்தால் அரை நொடிக்கு முந்தைய ஸ்வரம் இப்போது திரும்பி வந்து, வளைந்துகொண்டிருக்கும் வீணையோடு முட்டும். கமகம் உள்ள வரியில் டிலேயைக் குறையுங்கள். நேர் ஸ்வரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை கொஞ்சம் சிக்கலானது. சில சாம்பிள் கருவிகளில் கமகமே பதிவாகி இருக்கும். கீ ஒன்றுதான், ஆனால் வாசித்தவர் கம்பியை இழுத்தே வாசித்திருப்பார். அந்த இழுப்பு சாம்பிளுக்குள் இருக்கிறது, மிடியில் இல்லை. சிந்துக்கு அது தெரியாது, நேராக நின்றுகொண்டிருக்கும். இதை டியூன் செய்து சரிக்கட்ட முடியாது. இப்படிப்பட்ட ஸ்வரங்களில் நான் சிந்தின் சுருதியுள்ள பகுதியை இறக்கிவிட்டு, காற்று மாதிரி, உரசல் மாதிரி சுருதி இல்லாத இரைச்சலை மட்டும் அடியில் விடுவேன். வீணை தன் இஷ்டத்துக்கு வளையலாம், மோதுவதற்கு ஆள் இல்லை.

நீண்ட ஸ்வரத்தில் அலை அடிக்கிறது

ஸ்வரத்தைப் பிடித்தால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கேட்கிறது. டியூனிங் பிசகா, அல்லது சிந்தில் சத்தத்தை மெல்ல ஆட்டுவதற்கென்று வைத்திருக்கும் எல்எஃப்ஓவா? இதைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள். அலையின் வேகம் இரண்டு மடங்கானால் சுருதிப் பிசகு. வேகம் மாறாமல் இருந்தால் எல்எஃப்ஓ. போய் அணையுங்கள்.

சுருதிப் பிசகு என்றால் அலையை எண்ணியே அளவைக் கண்டுபிடிக்கலாம். ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 442 என்றால் நொடிக்கு இரண்டு அலை. அந்த உயரத்தில் ஓர் அலைக்கு ஏறக்குறைய 4 சென்ட் (ஒரு ஸ்வரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நீங்களே பதிவு செய்த சாம்பிள் என்றால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான் இருக்கும். பாடகருக்குச் சுருதி சேர்த்த வீணையை அப்படியே பதிவு செய்திருப்பீர்கள். அது கீபோர்டின் 440க்குக் கட்டுப்பட வேண்டும் என்று சட்டமில்லை. சாம்பிளரின் டியூன் குமிழில் அந்த சென்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

ஆனால் ஷட்ஜமும் பஞ்சமமும் சுத்தமாகச் சேர்ந்து, காந்தாரம் மட்டும் அலை அடித்தால்? அப்போது சாம்பிள் மீது தப்பில்லை, சிந்த் மீதும் தப்பில்லை. வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்தவர் காதால் கேட்டுப் பதித்திருக்கிறார். ஷட்ஜத்தோடு இயற்கையாகச் சேரும் அந்தர காந்தாரம் 386 சென்டில் இருக்கிறது. கீபோர்டு எல்லா ஸ்வரத்தையும் சமமாகப் பங்கிட்டு அதை 400இல் வைக்கிறது. 14 சென்ட் வித்தியாசத்தைக் காது மன்னிக்காது. பஞ்சமத்தில் இடைவெளி 2 சென்ட்தான், அதனால்தான் அது தப்பித்துக்கொள்கிறது. பல சிந்துகளில், ஸ்வரங்களின் இடைவெளிகளைச் சொல்லும் ஸ்காலா டியூனிங் கோப்பை ஏற்ற வசதி இருக்கிறது. அதை வைத்து சிந்தை வீணைக்கு இணங்க வையுங்கள். வீணையை சிந்துக்கு இணங்க வைக்காதீர்கள். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: கோப்பின் ஆதார ஸ்வரம் உங்கள் ஷட்ஜத்தில் இருக்க வேண்டும். ஒரு கட்டைக்குச் செய்ததை நாலு கட்டைப் பாட்டில் அப்படியே விட்டால், இருந்ததை விட மோசமாகக் கேட்கும்.

சென்ட் கணக்கெல்லாம் இல்லை, சாம்பிள் மட்டும் ஒன்றரை ஸ்வரஸ்தானம் தள்ளிக் கேட்கிறது என்றால் டியூன் குமிழைத் தொடாதீர்கள். நொடிக்கு 48000 அளவீடு வீதம் பதிவான கோப்பை 44100 என்று நினைத்து எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது மறுதலை. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 147 சென்ட். வேகமும் கூடவே மாறியிருக்கும். கோப்பைச் சரியான விகிதத்தில் மறுபடி இம்போர்ட் செய்தால் தீர்ந்தது.

அடியில் கனம் இல்லை. சில அடி கனம், சில அடி சோகை

மிருதங்கத்துக்கு அடியில் ஒரு சைன் அலையைப் போட்டுக் கனம் ஏற்றுவது எல்லாரும் செய்கிற வேலை. நானும் செய்தேன். ஹெட்போனில் கேட்டு மகிழ்ந்து ஒப்படைத்த டிராக், பெரிய ஸ்பீக்கரில் தகர டப்பா மாதிரி ஒலித்தது. வாடிக்கையாளர் முன்னால் காது சிவந்துபோனது.

இரண்டு லேயரின் அலைகளும் கீழ் அதிர்வெண்ணில் எதிரெதிராகத் தள்ளினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே போகிறது. கூட்டினால் மிஞ்சுவது சொற்பம். எல்லா அடியும் ஒரே மாதிரி சோகையாக இருந்தால் ஒரு லேயரின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழ் திசையை, திருப்பிப் பாருங்கள். கனம் திடீரென்று திரும்பி வந்தால் அதுதான். வராவிட்டால் சிந்தை இரண்டு மூன்று மில்லி செகண்டு முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள்.

சில அடி கனம், சில அடி சோகை என்றால் நோய் வேறு. சிந்தின் ஆஸிலேட்டர் பின்னணியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கீயை அழுத்தும் நேரத்தில் அது அலையின் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறது. ஒவ்வோர் அடியும் ஒரு லாட்டரி. ரீட்ரிகர் என்றோ ஃபேஸ் ரீசெட் என்றோ ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அலை ஒரே இடத்தில் தொடங்கும்.

எப்படியும் நான் இப்போது செய்வது பாகப்பிரிவினை. ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிந்துக்கு, அதற்கு மேலே மிருதங்கத்துக்கு. இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்தால்தானே சண்டை.

இன்னொன்று, சைன் அலையை மிருதங்கத்தின் சுருதியிலேயே வையுங்கள். மற்ற பல தோல் கருவிகள் சுருதி இல்லாமல் தும் என்றுதான் சொல்லும். மிருதங்கம் அப்படி இல்லை. வலந்தலையில் அப்பியிருக்கும் கரணை அதன் மேலிசைகளைச் சீரான ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சர் சி. வி. ராமன் 1920இல் இதைப் பற்றி ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறார். இதே பெங்களூரில் பிற்பாடு வாழ்ந்த மனிதர். கடையில் வாங்கிய டிரம் பேட்சுக்கு அரை ஸ்வரம் தப்பினாலும் யாருக்கும் தெரியாது. மிருதங்கத்துக்கு அடியில் தப்பினால் பாட்டி கூட முகம் சுளிப்பாள்.

ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம்

'டக்' என்று கேட்க வேண்டியது 'ட-டக்' என்று கேட்கிறது. உடனே எல்லாரும், கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரைக் குறைப்பார்கள். 44100இல் 256 சாம்பிள் (இங்கே ஒலியின் அளவீடுகள்) என்றால் 5.8 மில்லி செகண்டு, 1024 என்றால் 23.2. குறைத்தால் விரலுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி குறையும், நல்லதுதான். ஆனால் பஃபர் இரண்டு லேயரையும் ஒரே அளவு தாமதப்படுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவு அதனால் மூடாது.

சாம்பிள் கோப்பைப் பெரிதாக்கி அதன் தலைப்பகுதியைப் பாருங்கள். வீணையில் மீட்டும் முன் விரல் உரசும் சின்னச் சத்தம், வயலினில் வில் பிடிப்பு ஏறும் நேரம் என்று சத்தம் முழு உயரத்தை எட்டும் முன் ஒரு முன்னுரை இருக்கும். சிந்த் முன்னுரை இல்லாமல் பூஜ்யத்திலிருந்தே குதிக்கும். சாம்பிளின் தொடக்கத்தை வெட்டினால் சேர்ந்துவிடும் என்று தோன்றும். வெட்டாதீர்கள். அந்த உரசல்தான் வீணை என்று காதுக்குச் சொல்கிறது. சிந்தின் அட்டாக்கை, அதாவது சத்தம் முழு உயரத்தை எட்டும் நேரத்தை, 20, 30 மில்லி செகண்டு என்று ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்வது தெளிவாகக் கேட்கும். வயலினுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

பொரி பொரிகிற மாதிரி சத்தம்

டிஸ்க்கா, பிராசஸரா? அதே வரியை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை பொரிந்து, இரண்டாவது தடவை சுத்தமாக வந்தால் டிஸ்க். சாம்பிளர் ஒவ்வொரு சாம்பிளின் தலையை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை நீங்கள் வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து இழுக்கிறது. இரண்டாவது தடவைக்குள் அது ரேமுக்கு வந்திருக்கும். சுழலும் பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கில் லைப்ரரியை வைத்திருந்தால் இதுதான் கதி. எஸ்.பி. ரோட்டில் ஓர் எஸ்எஸ்டி வாங்கி மாற்றுங்கள். அதுவரை ப்ரீலோட் பஃபரை, அதாவது ரேமில் வைக்கும் அந்தத் தலையின் அளவை, ஏற்றுங்கள்.

இரண்டு தடவையும் அதே இடத்தில் பொரிந்தால் பிராசஸர். பெடலை மிதித்தபடி 8 கீ, ஒவ்வொன்றுக்கும் 2 வெலாசிட்டி (கீயை அழுத்தும் வேகம்) அடுக்கு, 3 மைக் என்றால் 48 குரல்கள். பெடலை விடாமல் அடுத்த கார்டுக்குப் போனால் 96. சிந்தில் யூனிசன் (ஒரே ஸ்வரத்துக்கு அடுக்கும் நகல்கள்) 7 என்று வைத்திருந்தால் அது தனிக் கணக்கு. தூர மைக்குகளை அணையுங்கள், யூனிசனை 3 ஆக்குங்கள், முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது ஒலிக்கோப்பாக மாற்றிவையுங்கள்.

பின்னால் ஒரு 'ம்ம்ம்'

சொந்தமாகச் சாம்பிள் எடுப்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் சோதனை இது. வெவ்வேறு கீயை அழுத்திப் பாருங்கள். எந்தக் கீயை அழுத்தினாலும் இரைச்சல் அதே சுருதியில் இருந்தால் அது இப்போது உங்கள் வயரிங்கில் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு. கீயோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் அது அன்றைக்கே பதிவாகிவிட்டது. ஒரு கட்டை ஷட்ஜத்தில் எடுத்த சாம்பிளை அதன் பஞ்சமத்துக்கு இழுக்கும்போது, கூடவே 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் 75க்கு ஏறுகிறது.

தம்புராவில் இது ஏமாற்றும். நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயிக்கு ரொம்பப் பக்கம், அது 49. ஐந்து கட்டையில் தம்புரா எடுத்தால் இரைச்சல் சுருதிக்குள் ஒளிந்துகொள்ளும். 98இல் நிற்கும் ஷட்ஜத்தோடு கரண்டின் 100 மோதி, நொடிக்கு இரண்டு அலை அடிக்கும். நீங்கள் டியூனிங் பிசகு என்று நினைத்து அந்தக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். எடுத்து முடித்த சாம்பிளை முழுக்கச் சுத்தம் செய்வது கஷ்டம். மறுபடி எடுத்துவிடுங்கள், இந்தத் தடவை பேட்டரியில்.

மெல்ல அழுத்தினால் சிந்த் மட்டும், ஓங்கினால் வீணை மட்டும்

வெலாசிட்டி 1 முதல் 127 வரை. சாம்பிள் அதற்கேற்ப நிறத்தையும் சத்தத்தையும் மாற்றுகிறது. சிந்த் பேட்சில் அந்த இணைப்பே இல்லாமல் இருக்கலாம்; எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். சிந்தின் ஒலி அளவையும் ஃபில்டரையும் வெலாசிட்டியோடு கொஞ்சம் இணைத்துவிடுங்கள். முழுதாக இணைக்க வேண்டாம், பாதி போதும்.

பிட்ச் வீலுக்குப் பக்கத்து மாட் வீலால் ஒரு லேயரிலிருந்து மற்றதுக்குப் போகிறீர்கள், நடுவில் சத்தம் பள்ளமாகிறது என்றால் கிராஸ்ஃபேடு (ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுவது) நேர்க்கோட்டில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகளை நேர்க்கோட்டில் கலந்தால் நடுவில் 3 டெசிபல் இறங்கும். ஈக்வல் பவர் வளைவுக்கு மாற்றுங்கள்.

இரண்டும் இரண்டு ஊரில் இருக்கிற மாதிரி

வயலின் மண்டபத்தில் இருக்கிறது, சிந்த் காதுக்குள் இருக்கிறது. சாம்பிளோடு அது பதிவான அறையும் வந்திருக்கிறது. சிந்துக்கு அறையே கிடையாது. தூர மைக்கை இறக்கி, இரண்டையும் ஒரே சின்ன ரிவெர்புக்கு அனுப்புங்கள். சிந்தின் மேல் பகுதியை ஃபில்டரால் கொஞ்சம் மழுக்குங்கள், ஸ்டீரியோ அகலத்தையும் ஒடுக்குங்கள். இங்கே குமிழ் எண் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி தோன்றும்வரை.

சில்லறைக் கோளாறுகள்

கீயை விட்ட பிறகும் ஒரு லேயர் மட்டும் நீள்கிறது: பெடல் சிக்னல் ஒரு லேயருக்குத்தான் போகிறது, அல்லது சிந்தின் ரிலீஸ் (கீயை விட்ட பின் சத்தம் தேயும் நேரம்) பல நொடிக்கு இருக்கிறது. முழுசாகச் சிக்கிக்கொண்டால் சாஃப்ட்வேரிலுள்ள பேனிக் பொத்தான்.

திறந்ததும் சாம்பிள் காணவில்லை என்கிறது: ஃபோல்டரை நகர்த்தியிருக்கிறீர்கள். புது இடத்தைக் காட்டி, பேட்சைத் திரும்பச் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் நாளைக்கும் கேட்கும்.

சாம்பிள் லேயர் 15 நிமிடத்தில் ஊமையாகிறது, சிந்த் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது: இது கோளாறே இல்லை. முழு கான்டாக்டுக்கென்று செய்த லைப்ரரியை இலவச கான்டாக்ட் பிளேயரில் திறந்திருக்கிறீர்கள். அதில் அது டெமோவாக அவ்வளவு நேரம்தான் ஓடும். தம்பிக்கு இதுவும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் லேப்டாப் சூடாகிவிட்டது என்று நினைத்து மின்விசிறிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாராம்.